ரால்ஃப் டேவிட் அபெர்நாத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ட்டின் லூதர் கிங்கின் பழைய புகைப்படங்களைப் பாருங்கள். கைதாகும்போதும் சரி, ஊர்வலத்தின் முன்வரிசையிலும் சரி, பக்கத்தில் கொஞ்சம் பருத்த உடம்போடு ஒருவர் வந்துகொண்டே இருப்பார். படத்தின் கீழே பல நேரம் அவர் பெயர்கூட இருக்காது. அவர்தான் ரால்ஃப் அபெர்நாத்தி. அவரைப் பற்றித் தமிழில் படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இவை.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1926 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லிண்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையில் இருந்தவர். பாப்டிஸ்ட் போதகர். 1955-56-ல் அலபாமாவின் மான்ட்காமரி நகரில் கறுப்பினத்தவர் பேருந்தில் ஏற மறுத்த புறக்கணிப்பை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர். தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பில் முதலில் பொருளாளர்; 1968-ல் கிங் கொல்லப்பட்ட பிறகு 1977 வரை அதன் தலைவர். 1990 ஏப்ரல் 17 அன்று அட்லாண்டாவில், 64 வயதில் இறந்தார்.

அவர் வளர்ந்த காலத்தில் நிறப்பாகுபாடு என்பது வெறும் வழக்கமா, சட்டமா?

சட்டம். இதில்தான் நம் வாசகர்கள் பலர் தடுமாறுகிறார்கள். "பிரிந்திருந்தாலும் சமம்" என்று சொல்லி 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதற்கு முத்திரை குத்தியது. அதற்குப் பிறகு தென்மாநிலங்களில் பள்ளிக்கூடம், ரயில் பெட்டி, காத்திருப்பு அறை, குடிநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டமோ நகராட்சி விதியோ வந்தது. மீறினால் ஊர்க்காரர்கள் முறைப்பதோடு போகாது, போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். "பிரிந்திருந்தாலும்" என்ற பாதி அட்சரம் பிசகாமல் நடந்தது. "சமம்" என்ற பாதியை யாரும் தேடிப் பார்க்கவில்லை.

அவர் குடும்பத்திடம் 500 ஏக்கர் நிலம் இருந்ததாமே? அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு அது எப்படிச் சாத்தியம்?

தாத்தா அடிமையாக இருந்தவர். அப்பா வில்லியம் பாடுபட்டு நிலம் சேர்த்தார். ரால்ஃப், பன்னிரண்டு பிள்ளைகளில் பத்தாவது.

அந்த வட்டாரத்தில் பெரும்பாலான கறுப்பினக் குடும்பங்கள், நிலக்காரருக்கு விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரமுறையில் பயிரிட்டன. விதை, உரம், மளிகை எல்லாம் நிலக்காரரின் கடையில் கடன். அறுவடை முடிந்ததும் கணக்கு எழுதுபவரும் அவரே. வருடம் முழுக்க உழைத்தும் கடன் தீராது. வாயைத் திறந்தால் குடிசையும் போய்விடும். சொந்த நிலம் இருந்தவரை அப்படி மிரட்ட முடியாது. ரால்ஃபின் அப்பா மரெங்கோ கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) வாக்களித்த முதல் கறுப்பினத்தவர் ஆனதற்கும், அங்கே கிராண்ட் ஜூரியில் (ஒருவர்மீது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர் ஆனதற்கும் துணிச்சல் மட்டும் காரணம் இல்லை, அந்த நிலமும்தான். திருச்சபையில் அவர் டீக்கன், அதாவது சபைப் பணிகளைக் கவனிக்கும் பொறுப்பாளர்.

யார் கொடுக்கும் கூலியில் சாப்பிடுகிறோமோ அவர்களை எதிர்த்துப் பேச முடியாது. அபெர்நாத்தியின் வாழ்க்கையில் இந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வரும், கவனித்துக்கொள்ளுங்கள்.

வாக்காளராகப் பதிவு செய்வதில் அப்படி என்ன கஷ்டம்?

மூன்று தடைகள், ஒன்றின்மேல் ஒன்று. முதலாவது தலைவரி, வாக்களிக்க வேண்டுமானால் கட்ட வேண்டிய வரி. அலபாமாவில் ஆண்டுக்கு ஒன்றரை டாலர். கட்டாத ஆண்டுகளின் பாக்கியும் சேர்ந்துகொண்டே போகும், 36 டாலர் வரை. கூலிக்காரருக்கு அது பல வாரச் சம்பளம். (1953-ல் இந்தப் பாக்கியை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கேட்கக்கூடாது என்று திருத்தினார்கள்.)

இரண்டாவது, அரசியல் சட்டத்தை "விளக்கிச் சொல்லும்" தேர்வு. 1946-ல் அலபாமா கொண்டுவந்த ஒரு திருத்தம், விளக்கம் சரியா தப்பா என்று முடிவு செய்யும் அதிகாரத்தைப் பதிவு அலுவலர் கையில் கொடுத்தது. கறுப்பினப் பேராசிரியரைத் தோற்கடிக்கலாம், எழுத்துக்கூட்டிப் படிக்கும் வெள்ளையரைத் தேற்றிவிடலாம். 1949-ல் நீதிமன்றங்கள் இதைச் செல்லாது என்றன. ஆனால் வேறு வடிவில் தேர்வுகள் 1965 வாக்குரிமைச் சட்டம் வரை நீடித்தன.

மூன்றாவது, அலுவலகமே திறந்திருக்காது. திறந்தாலும் வரிசை நகராது. இதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ராணுவத்தில் அவர் என்னவாக இருந்தார்?

பிளட்டூன் சார்ஜென்ட் வரை உயர்ந்து, கண்ணியமான விடுவிப்புச் சான்றோடு வெளியே வந்தார். அன்றைய அமெரிக்கப் படை முழுவதும் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பினப் படைப்பிரிவுகளுக்குப் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகள். கறுப்பினத்தவரில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது லாரி ஓட்டுவது, சரக்கு இறக்குவது, பாதை போடுவது போன்ற வேலைகள். ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போரிட்ட படையின் நிலை இது. படையில் பிரிவினை கூடாது என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஆணை பிறப்பித்தது 1948 ஜூலை 26-ல்தான், போர் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து.

சீருடையோடு ஊர் திரும்பியவர்களுக்கு மரியாதை இருந்ததா?

பல இடங்களில் அந்தச் சீருடையே வினையானது. 1946 பிப்ரவரி 12 அன்று ஐசக் உடார்ட் என்ற சார்ஜென்ட், விடுவிப்புப் பெற்ற சில மணி நேரத்தில், சீருடையிலேயே பேருந்தில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். தென் கரோலினாவில் அவரை இறக்கிப் போலீஸ் அடித்ததில் இரண்டு கண்களும் போயின. அடித்த போலீஸ் தலைவரை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. ட்ரூமனின் மனத்தை மாற்றிய நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று.

போர்வீரர் கல்விச் சலுகையில்தான் அவர் படித்தாராமே? அது எப்படி வேலை செய்தது?

ஆமாம். 1944 ஜூன் 22-ல் கையெழுத்தான சட்டம் அது, பொதுவழக்கில் ஜி.ஐ. பில். நடைமுறை இப்படி: குறைந்தது 90 நாள் பணி செய்திருக்க வேண்டும், அவமதிப்போடு வெளியேற்றப்பட்டிருக்கக் கூடாது. விடுவிப்புத் தாளைக் காட்டி முன்னாள் வீரர் நிர்வாகத்திடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். சேர்த்துக்கொள்ளும் கல்லூரியை அவரே தேடிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணத்தை அரசு நேராகக் கல்லூரிக்குக் கட்டும். மாணவர் கையில் மாதம் 50 டாலர், குடும்பம் இருந்தால் 75. பிறகு இந்தத் தொகை உயர்ந்தது.

அபெர்நாத்தி இந்தச் சலுகையில் மான்ட்காமரியிலிருந்த அலபாமா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி அது. 1950-ல் கணிதப் பட்டம். படிக்கும்போதே மாணவர் தலைவராகி, மோசமான உணவையும் விடுதியையும் எதிர்த்துப் போராட்டம் நடத்தினார். பிறகு அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதுகலை முடித்தார்.

அப்படியானால் கறுப்பின வீரர்கள் எல்லோருக்குமே அந்தச் சட்டம் உதவியதா?

தாளில் நிறம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓட்டை இருந்தது செயல்முறையில். மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

முதலில் விடுவிப்புத் தாள். கண்ணியமானதும் அல்ல, அவமதிப்பும் அல்ல என்று நீல நிறத் தாளில் ஒரு விடுவிப்பு கொடுத்தார்கள். தரைப்படையில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஆறேழு பேர்தான். ஆனால் நீலச்சீட்டு வாங்கியவர்களில் அவர்கள் நூற்றுக்கு 22 பேர். நீலச்சீட்டு இருந்தால் சலுகை பெரும்பாலும் மறுக்கப்பட்டது.

அடுத்து கல்லூரி. தென்மாநில வெள்ளையர் கல்லூரிகள் கதவைத் திறக்காது. கறுப்பினக் கல்லூரிகள் சிறியவை. ஆயிரக்கணக்கானோர் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

கடைசியாக வீட்டுக்கடன். அரசு கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கும் கடனுக்கு உத்தரவாதம் மட்டும் தந்தது. வங்கி மேலாளர் "இல்லை" என்றால் உத்தரவாதத்தை வைத்து என்ன செய்வது? 1947-ல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் எடுத்த கணக்கில், உத்தரவாதத்தோடு கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. இரண்டு நூறு அல்ல, வெறும் இரண்டு.

அபெர்நாத்திக்குக் கல்வி கிடைத்ததை வைத்துச் சட்டத்தையே புகழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்.

கணிதம் படித்தவர் போதகர் ஆனது எப்படி?

படித்துக்கொண்டிருந்தபோதே, 1948-ல், அன்னையர் தினத்தன்று சபையில் எழுந்து தம் அழைப்பை அறிவித்தார். பிறகு போதகராக அபிஷேகம். 1951-52 வாக்கில், 25 வயதைத் தாண்டியதுமே, மான்ட்காமரி ரிப்ளி தெருவிலுள்ள முதல் பாப்டிஸ்ட் திருச்சபை அவரைப் போதகராக அழைத்துக்கொண்டது.

"அழைத்துக்கொண்டது" என்றால்? பேராயர்தானே நியமிப்பார்?

பாப்டிஸ்ட் முறையில் பேராயரே கிடையாது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்த வரலாற்றுக்கே சாவி இதுதான். சி.எஸ்.ஐ. சபையிலோ கத்தோலிக்க சபையிலோ மேலிடம் ஒருவரை ஊர்விட்டு ஊர் மாற்றலாம். பாப்டிஸ்ட் சபை ஒவ்வொன்றும் தனியாட்சி. இடம் காலியானால் ஆட்களை வரவழைத்துப் பிரசங்கம் செய்யச் சொல்லிக் கேட்பார்கள். உறுப்பினர்கள் வாக்கெடுத்து ஒருவரை அழைப்பார்கள். சம்பளம் ஞாயிறு காணிக்கையிலிருந்து. நீக்குவதானாலும் அதே உறுப்பினர்கள்தான் நீக்க வேண்டும்.

இதன் விளைவு என்ன? மான்ட்காமரியில் கறுப்பின ஆசிரியர் பேசினால் மாநில அரசு வேலையைப் பறிக்கும். வீட்டுவேலை செய்யும் பெண் பேசினால் எஜமானியம்மா நிறுத்திவிடுவார். போதகருக்குப் படியளப்பது அவருடைய சொந்த ஜனம். போராட்டத் தலைவர்களில் ஏன் இத்தனை போதகர்கள் என்று கேட்பவர்கள் பக்தியில் பதில் தேடுகிறார்கள். பக்தி உண்டுதான். கூடவே இந்தச் சம்பளக் கணக்கையும் பாருங்கள். அப்பாவுக்கு நிலம் கொடுத்த தைரியத்தை மகனுக்குக் காணிக்கைத் தட்டு கொடுத்தது.

அந்தத் திருச்சபைக்கு "நாளொரு செங்கல் சபை" என்று பெயராமே?

ஆமாம். அடிமைமுறை ஒழிந்த பிறகு வெள்ளையரின் முதல் பாப்டிஸ்ட் சபையிலிருந்து பிரிந்து வந்த கறுப்பின விசுவாசிகள் தொடங்கிய சபை அது. பழைய கட்டடம் எரிந்துபோனபின், ஒவ்வொரு உறுப்பினரும் நாளுக்கு ஒரு செங்கல் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். வழியில் கிடந்ததோ, இடிந்த சுவரில் பெயர்த்ததோ, கையில் அகப்பட்டதைக் கொண்டுவந்தார்கள். 1910-க்கும் 1915-க்கும் இடையே அப்படியே எழுந்த சிவப்புச் செங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. கிங் போதகராக வந்த டெக்ஸ்டர் அவென்யூ சபையில் படித்த நடுத்தர வர்க்கம் அதிகம். அபெர்நாத்தியின் சபை உழைப்பாளிகளின் சபை. இரண்டு குடும்பங்களும் மாலை நேரங்களில் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டார்கள். நகரத்து உணவகங்கள் அவர்களை உள்ளே விடாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பேருந்தில் இருக்கை விதி சரியாக என்ன?

மான்ட்காமரி பேருந்தில் 36 இருக்கைகள். முன்னால் 10 வெள்ளையருக்கு. காலியாக இருந்தாலும் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. பின்னால் 10 வழக்கப்படி கறுப்பினத்தவருக்கு. நடுவில் 16 ஓட்டுநர் இஷ்டம். ஒரே வரிசையில் இரு நிறத்தாரும் உட்காரக் கூடாது என்பதால், ஒரு வெள்ளையர் நின்றால் அந்த வரிசையில் நான்கு பேரும் எழ வேண்டும். 1955 டிசம்பர் 1 அன்று நடந்தது இதுவே: மூன்று பேர் எழுந்தார்கள், ரோசா பார்க்ஸ் எழவில்லை, கைதானார். அதை எதிர்த்துத்தான் புறக்கணிப்பு தொடங்கியது. முன்வாசலில் 10 சென்ட் கட்டிவிட்டு, இறங்கி, பின்வாசல் வழியாக ஏற வேண்டும் என்பதும் உண்டு. பின்வாசலுக்கு நடப்பதற்குள் சில ஓட்டுநர்கள் வண்டியை எடுத்துவிடுவார்கள்.

பயணிகளில் நான்கில் மூன்று பங்கு கறுப்பினத்தவர். புறக்கணிப்பு பலித்ததற்கு அடிப்படையே இதுதான்.

அதில் அபெர்நாத்தியின் வேலை என்ன?

போதகர்களைத் தொலைபேசியில் பிடித்துக் கூட்டியவர்களில் ஒருவர். டிசம்பர் 5 அன்று தொடங்கிய "மான்ட்காமரி முன்னேற்றச் சங்கம்" என்ற பெயர் அவர் சொன்னது. அன்றிரவு ஹோல்ட் தெரு சபையில் கூடிய பெருங்கூட்டத்தில் கோரிக்கைகளைப் படித்தவரும் அவரே.

அந்தக் கோரிக்கைகளில் பாகுபாட்டை ஒழிக்கச் சொல்லவே இல்லையாமே?

உண்மைதான். மூன்றே கேட்டார்கள்: ஓட்டுநர்கள் மரியாதையாகப் பேச வேண்டும்; கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்காரட்டும், யாரையும் எழுப்ப வேண்டாம்; கறுப்பினப் பகுதி வழித்தடங்களில் கறுப்பின ஓட்டுநர் வேண்டும். பிரிவினைச் சட்டத்தைத் தொடாமலே நகராட்சி ஒப்புக்கொண்டிருக்கலாம். மறுத்தது. அந்தப் பிடிவாதத்தால்தான் வழக்கு மொத்தச் சட்டத்துக்கும் எதிராகப் போனது. வழக்கில் வாதிகளாக நின்ற நால்வரும் பெண்கள். அவர்களில் கிளாடெட் கால்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே எழ மறுத்துக் கைதான 15 வயதுப் பெண்.

381 நாள் பேருந்து இல்லாமல் ஒரு ஊரே எப்படி வேலைக்குப் போனது?

முதல் நாட்களில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைப் போலீஸ் தூசிதட்டி எடுத்தது. அந்த வழி அடைபட்டது.

பேட்டன் ரூஜ் நகரில் 1953-ல் சில நாள் புறக்கணிப்பு நடத்திய போதகர் ஜெமிசனிடம் கேட்டு, சொந்தக் கார்களை ஒருங்கிணைக்கும் முறைக்கு மாறினார்கள். சுமார் 300 கார். ஊர் முழுவதும் நாற்பதுக்கு மேற்பட்ட ஏறுமிடங்கள், பெரும்பாலும் திருச்சபை வாசல்கள். பயணிகளிடம் காசு வாங்கவே கூடாது. வாங்கினால் உரிமமில்லாத டாக்சி என்று வழக்கு வரும். பெட்ரோலுக்குக் காசு, சபைகளில் நடந்த கூட்டங்களின் காணிக்கையிலிருந்தும் வெளியூர் நன்கொடையிலிருந்தும் வந்தது. பிறகு ஸ்டேஷன் வேகன் வண்டிகள் வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு சபையின் பெயரில் பதிந்தார்கள். பக்கவாட்டில் சபையின் பெயரோடு ஓடிய அந்த வண்டிகளுக்கு ஊரில் "உருளும் சபைகள்" என்று பெயர்.

எங்கே சிக்கியது? ஓட்டுநர்களுக்கு அற்ப காரணங்களுக்கு அபராதம். 25 மைல் வேகப் பகுதியில் 30-ல் போனதாகச் சொல்லி கிங்கையே சிறையில் வைத்தார்கள். அடுத்து காப்பீடு. காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டக்கூடாது, உள்ளூர் நிறுவனங்களோ ஒவ்வொன்றாக ரத்து செய்தன. கடைசியில் அட்லாண்டாவின் கறுப்பின முகவர் ஒருவர் மூலம் லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் எடுத்தார்கள். 1956 பிப்ரவரியில், 1921-ம் ஆண்டுப் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தைத் தூசிதட்டி 89 பேர்மீது குற்றம் சாட்டினார்கள். அபெர்நாத்தியும் அதில் உண்டு.

சுவையான ஒரு துணைச் செய்தி: வீட்டுவேலை செய்யும் பெண்களை வெள்ளைக்கார எஜமானிகளே காரில் கொண்டுவந்து விட்டார்கள். மேயர் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். சட்டியை யார் கழுவுவது என்று கேட்டால் மேயரிடம் பதில் இல்லை.

நவம்பர் 13 அன்று நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடை விதித்தது. அதே நாளில், பேருந்துப் பிரிவினை செல்லாது என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த செய்தி வந்தது. தீர்ப்பின் ஆணை ஊருக்கு வந்துசேர ஐந்து வாரம். அத்தனை நாளும் நடந்தார்கள். டிசம்பர் 21 காலை முதல் பேருந்தில் கிங்கோடு ஏறியவர்களில் அபெர்நாத்தி ஒருவர்.

அதற்குப் பழிவாங்கல் இருந்ததா?

1957 ஜனவரி 10 விடிவதற்குள் நான்கு திருச்சபைகளிலும் இரண்டு போதகர் வீடுகளிலும் குண்டு வெடித்தது. அபெர்நாத்தியின் வீடும் செங்கல் சபையும் அந்தப் பட்டியலில் உண்டு. அவர் அன்று அட்லாண்டாவில், தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பைத் தொடங்கும் கூட்டத்துக்குப் போயிருந்தார். வீட்டில் கர்ப்பிணி மனைவி வனீட்டாவும் கைக்குழந்தையும். இருவருக்கும் காயமில்லை.

தெரியாமலே வெளியான ஒரு விளம்பரத்துக்காக அவர் சொத்து பறிபோனதாமே?

1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸில் கிங்குக்கு நிதி கேட்டு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதன் கீழே ஆதரவாளர்களாக அபெர்நாத்தி உட்பட நான்கு அலபாமா போதகர்களின் பெயரும் அச்சானது. அவர்களைக் கேட்கவே இல்லை. விளம்பரத்தில் சில தகவல்கள் பிழை. மான்ட்காமரி ஆணையர் சல்லிவன் பத்திரிகைமீதும் நான்கு போதகர்கள்மீதும் வழக்குப் போட்டார். தீர்ப்பு ஐந்து லட்சம் டாலர்.

பத்திரிகை மேல்முறையீட்டுக்குப் பணம் கட்டித் தப்பியது. போதகர்களிடம் கட்டப் பணம் இல்லை. அபெர்நாத்தியின் காரையும் குடும்ப நிலத்தில் அவர் பங்கையும் அலபாமா பறிமுதல் செய்து ஏலம் விட்டது. அப்பாவை யாரும் மிரட்ட முடியாமல் காத்த நிலம் அது. 1964 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பை ரத்து செய்தது. பொது அதிகாரி அவதூறு வழக்குப் போட்டால், பொய்யென்று தெரிந்தோ அலட்சியமாகவோ வெளியிட்டதாக நிரூபிக்க வேண்டும் என்ற விதி அன்று பிறந்தது. இதழியல் மாணவர்கள் எல்லோரும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஏலம் போன நிலத்தைப் பற்றி யாரும் படிப்பதில்லை.

1961 மே 21 அன்று அந்தச் சபையில் என்ன நடந்தது?

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பேருந்துகளில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து பயணம் செய்த "விடுதலைப் பயணிகள்" முந்தின நாள் மான்ட்காமரி பேருந்து நிலையத்தில் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அவர்களை ஆதரித்துச் செங்கல் சபையில் ஏறத்தாழ 1,500 பேர் கூடினார்கள். வெளியே அதைவிடப் பெரிய வெறிக்கும்பல். ஒரு காரைக் கவிழ்த்துக் கொளுத்தினார்கள். ஜன்னல் வழியாகக் கல் வந்தது. மத்திய அரசின் மார்ஷல்கள் வீசிய கண்ணீர்ப்புகை காற்றில் திரும்பிச் சபைக்குள்ளேயே புகுந்தது. ஜன்னலைத் திறந்தால் கல், மூடினால் புகை. கிங் சபையிலிருந்து, மத்திய அரசின் சட்டத்துறைத் தலைவரான ராபர்ட் கென்னடியோடு தொலைபேசியில் மல்லுக்கட்டினார். ஆளுநர் ராணுவச் சட்டம் அறிவித்து, தேசியக் காவல்படை வந்து, விடியும் நேரத்தில்தான் மக்கள் வெளியேறினார்கள்.

அதே ஆண்டில் அபெர்நாத்தி அட்லாண்டாவின் வெஸ்ட் ஹன்டர் தெரு பாப்டிஸ்ட் சபைக்கு மாறினார்.

கிங் இருக்கும்போது இவர் எதற்கு?

கிங் பேசி முடித்தால் கூட்டம் நெகிழ்ந்து உட்கார்ந்திருக்கும். அதை எழுப்பி நடக்கவைக்க வேறொரு திறமை வேண்டும். அபெர்நாத்தி கிராமத்துப் போதகரின் நகைச்சுவையால் பயத்தைப் போக்குவார். அலபாமாவில் ஒரு கூட்டத்தில், பிரசங்க மேடையில் போலீஸ் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்திருந்தது தெரியவந்தது. அவர் மறைக்கவில்லை, அந்தக் கருவியைப் பார்த்தே பேசினார், போலீஸுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அதனிடம் சொன்னார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் மறுநாள் கைதாகப் பயப்படமாட்டார்கள்.

1968 ஏப்ரல் 3 அன்று மெம்ஃபிஸில் கிங் களைத்துப்போய் விடுதியிலேயே இருந்துகொண்டு, இவரை அனுப்பினார். கூட்டம் யாருக்காகக் காத்திருக்கிறது என்று பார்த்ததுமே இவர் தொலைபேசியில் கிங்கை வரவழைத்தார். கிங்கின் கடைசி உரை அது. மறுநாள் மாலை லொரெய்ன் விடுதியில், இருவரும் தங்கியிருந்த 306-ம் அறை வாசலில் கிங் சுடப்பட்டார்.

கிங்குக்குப் பின் இவர் நடத்திய "உயிர்த்தெழுதல் நகரம்" ஏன் தோல்வி?

நாட்டின் எல்லா நிறத்து ஏழைகளையும் வாஷிங்டனுக்குக் கூட்டி வந்து அரசின் கண்முன்னே குடியமர்த்தும் திட்டம், கிங் வகுத்தது. 1968 மே 13 அன்று முதல் ஆணியை அபெர்நாத்தி அடித்தார். ஒட்டுப்பலகையும் கித்தானும் சேர்த்த கூம்புக் குடிசைகள். உச்சத்தில் கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் இருந்தார்கள். ஜூன் 24 அன்று போலீஸ் அகற்றியது. அபெர்நாத்திக்கு 20 நாள் சிறை.

மழை ஒரு காரணம். பெரும்பாலான நாட்கள் பெய்து, புல்வெளி முழங்கால் சேறானது. ஆனால் மழைமேல் மட்டும் பழிபோடுவது சரியில்லை. மான்ட்காமரியில் ஒரே ஊர், ஒரே எதிரி, கோரிக்கைகள் எல்லாம் பேருந்தைப் பற்றியே. மாலையில் எல்லோரும் தங்கள் வீட்டுக்கும் தங்கள் சபைக்கும் போனார்கள். இங்கே வேலை, வருமானம், உணவு, நில உரிமை என்று பல கோரிக்கைகள். ஒருவரையொருவர் அறியாத கூட்டம். திரும்பிப் போக வீடில்லாதவர்கள். தலைவர்கள் விடுதியில் தங்கினார்கள் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. அது நியாயமான குற்றச்சாட்டு என்றே தோன்றுகிறது.

நிலாப் பயணத்தை எதிர்த்தாரா?

எதிர்த்தார் என்று ஒரே சொல்லில் எழுதுவது தவறு. 1969 ஜூலை 15, அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தைய நாள். கோவேறு கழுதை வண்டியோடும் ஏழைக் குடும்பங்களோடும் ஏவுதளத்துக்குப் போனார். நாட்டில் ஐந்தில் ஒருவருக்குச் சரியான சோறில்லை என்றார். நாசா தலைவர் தாமஸ் பெய்ன் நேரில் வந்து, ராக்கெட் பொத்தானை அழுத்தாமலிருந்தால் வறுமை தீருமென்றால் அழுத்தமாட்டோம் என்று பதில் சொன்னார். மறுநாள் ஏவுதலைப் பார்க்க அந்தக் குடும்பங்களில் சிலருக்கு இடமும் கொடுத்தார்கள்.

ஏன் அவரை மறந்துவிட்டார்கள்?

1977-ல் பதவி விலகி, நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்று தோற்றார். 1980 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரீகனை ஆதரித்தார். பழைய தோழர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1989-ல் வெளியிட்ட தன்வரலாற்றில் கிங்கின் திருமணத்துக்கு வெளியேயான உறவுகளைச் சொன்னார், துரோகம் என்றார்கள். அந்த விஷயம் ஏற்கெனவே பலர் எழுதியதுதான். நண்பர் எழுதினார் என்பதுதான் கோபம். இத்தனைக்கும் வெஸ்ட் ஹன்டர் சபை மட்டும் அவரைக் கைவிடவில்லை. இறக்கும்வரை அவர்தான் அங்கே போதகர்.

இதே வழியில் வந்தவர்கள் வேறு யார்?

மெம்ஃபிஸின் பெஞ்சமின் ஹுக்ஸ். இத்தாலியப் போர்க்கைதிகளுக்குக் காவல் நின்றவர். கைதிகள் சாப்பிட்ட உணவகத்தில் அவருக்கு இடமில்லை. சொந்த மாநிலம் சட்டம் படிக்க விடாததால் சிகாகோ போனார். பிறகு வழக்கறிஞர், பாப்டிஸ்ட் போதகர், 1977 முதல் 1992 வரை கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் செயல் இயக்குநர். ஜார்ஜியாவின் ஹோசியா வில்லியம்ஸ், போரில் படுகாயமடைந்து திரும்பியவர், ஊரில் பேருந்து நிலையத்தில் வெள்ளையர் குழாயில் தண்ணீர் குடித்ததற்காக அடிபட்டார்.

தமிழில் எழுதும்போது என்ன கவனிக்க வேண்டும்?

"பாதிரியார்" என்று எழுதாதீர்கள், கத்தோலிக்கக் குருவாகத் தெரியும். போதகர் என்பதே சரி. "கிங்கின் சீடர்" என்பதும் பிழை. கிங் மான்ட்காமரிக்கு வந்தது 1954-ல். அபெர்நாத்தி அதற்கு முன்பே அங்கே போதகர்.

நேரில் போனால் எதைப் பார்க்கலாம்?

மான்ட்காமரியில் ரிப்ளி தெருச் செங்கல் சபை. இன்றும் ஞாயிறு ஆராதனை நடக்கும் இடம், எனவே காட்சியகம் போல உள்ளே நுழைய வேண்டாம். அட்லாண்டாவில் அவர் பெயரில் ஒரு பெரிய சாலையும், ஐ-20 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் உண்டு. அவரை அடக்கம் செய்தது லிங்கன் கல்லறைத் தோட்டத்தில். கல்லில் அவர் கேட்டுக்கொண்டபடி இரண்டே சொல் பொறித்திருக்கிறார்கள்: "நான் முயன்றேன்."